பதினொன்றாவது மடிப்பு

போன மாதம் எங்கள் கம்பெனியில் புது மெஷின் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. பொட்டலத்தை அதன் மேல் ஓடவிட்டால் எடை பார்த்து, உள்ளே பத்துக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ‘கீ’ என்று கத்தி ஒதுக்கிவிடுமாம். அதைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்கள். எனக்குப் பிறகு செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பேற்ற செல்வி போன் செய்தாள்.

“யக்கா, இருபத்தெட்டு வருசம் வேலை பாத்திருக்கிய. நம்ம மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க.”

“உண்மைய எழுதலாமாட்டி?”

“எழுதுங்க. கொஞ்சம் குறைச்சு எழுதுங்க.”

குறைத்தும் எழுத மாட்டேன், கூட்டியும் எழுத மாட்டேன். ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எங்கள் கம்பெனி சங்கரன்கோவிலில் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் இருக்கிறது. தறியில் நெய்து சலவை செய்த பேண்டேஜ் துணி வரும். அதை வெட்டி, பன்னிரண்டு அடுக்காக மடித்து, உள்ளங்கை அளவுத் துண்டாக்குவோம். ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தை ஒற்றி எடுக்கிற துண்டு அது. எங்கள் பேச்சில் அதற்கு ‘மடிப்பு’ என்று பெயர். பத்து மடிப்பு சேர்ந்தால் ஒரு பொட்டலம், நூறு பொட்டலம் சேர்ந்தால் ஒரு பெட்டி. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நீல நூல் ஓடும். மடிப்பு தப்பித் தவறி வயிற்றுக்குள் தங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் அந்த நூல் காட்டிக் கொடுக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். நீல நூல் எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சொல்லிக் கொடுத்ததற்கு மேல் ஒரு அடி யோசிக்க என் புத்திக்கு இருபத்தாறு வருடம் பிடித்தது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போய் வேலைக்கு வந்தவள் நான். மடிக்க ஒரு வருடம், எண்ண ஒரு வருடம், அடுத்தவள் எண்ணியதைச் சந்தேகப்பட ஒரு வருடம். அதோடு என் படிப்பு முடிந்தது. கணக்கில் தோற்றவளை எண்ணுகிற வேலைக்கு வைத்தார்களே என்று என் வாத்தியார் கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

உலகத்தில் எங்கே சண்டை என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். பெட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டில் எழுத்து மாறும். ஒரு மாதம் வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து, ஒரு மாதம் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது மாதிரி எழுத்து. எந்த ஊருக்கு என்று கேட்டால் உக்ரைன் என்பார்கள், காசா என்பார்கள், சூடான் என்பார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மூன்றாம் உலகப்போர் தினமும் காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்துவிடும். எவன் ஜெயிப்பான் என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் பந்தயம் கட்டுவார்கள். நாங்கள் அதைத் தாண்டி வேலைக்குப் போவோம். அவசர ஆர்டர் என்றால் யாரும் ஜெயிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இனி எங்கள் சங்கரலிங்கம் அண்ணாச்சி. தர மேலாளர், சிவகிரிக்காரர். தினமும் எட்டேகால் பஸ்ஸில் வந்து இறங்குவார். மதியம் டப்பாவைத் திறந்ததும் இட்லி நாலு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் சட்னி மூடியைத் தொடுவார். இதற்காகவே ஒருநாள் நாங்கள் ஐந்தாவதாக ஒரு இட்லியைச் செருகி வைத்தோம். மனிதர் பத்து நிமிடம் யோசித்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, “ஒண்ணு கூட வந்திருக்கே, என்ன விசயம்?” என்று அவர் மனைவியை விசாரித்தார். அதை வைத்து எங்களுக்கு ஒரு மாதம் பொழுது போனது.

அவர் எண்ணுகிற முறையே தனி. பொட்டலத்தைப் பிரித்து, மடிப்புகளின் ஒரு மூலையை இடது கையால் பிடித்து, வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். முதல் தடவை கண்ணால் பார்த்து. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு. “கண்ணு பொய் சொல்லும் கோமதி. பத்துன்னு நினைச்சுப் பாத்தா பத்தாத்தான் தெரியும். கட்டைவிரலுக்கு நினைப்புக் கிடையாது” என்று என்னிடம் சொல்வார். கண்ணை மூடுகிற நேரத்தில் எதிர் மேஜைக்காரிகள் அவரைப் போலவே உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். நான் மேற்பார்வையாளர் என்பதால் சிரிக்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

அவரிடம் ஒரு பலவீனம் உண்டு. ஒரு ஆர்டர் முடிந்ததும் பெட்டிகளை அடுக்கி வைப்போம். அவர் வந்து சோதனைக்கென்று சில பெட்டிகளை எடுப்பார். எப்போதும் அடி வரிசை, இடது மூலை. கள்ளத்தனம் செய்கிறவன் அடியில்தான் ஒளிப்பான் என்பது அவர் சித்தாந்தம். இருபது வருடத்தில் ஒருதரம்கூட மேல் வரிசையைத் தொட்டதில்லை. அது அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் ஒரு அவசர ஆர்டர் வந்தது. அறுபது பெட்டி. சண்டை நடக்கிற ஊரில் கூடாரம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு நிவாரண அமைப்புக்கு. எட்டு நாளில் முடிக்க வேண்டும், ஓவர்டைம் உண்டு. மதியச் சாப்பாட்டின்போது ஒருத்தி போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு சின்னப் பிள்ளை, தலையில் கட்டு, தன்னைத் தூக்கி வைத்திருக்கிறவனின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அழவில்லை. அந்தப் பொத்தான்தான் எங்களைக் கொன்றுவிட்டது. யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ராயகிரியிலிருந்து வருகிற பேச்சித்தாய் சொன்னாள். “அங்கன குண்டு விழுந்தா இங்கன நமக்கு ஓவர்டைம். இந்தச் சோத்த எப்படியக்கா திங்க?”

“நாம என்னட்டி செய்ய முடியும்? நாமளா குண்டு போட்டோம்?” என்றேன்.

“ஒண்ணு செய்யலாம்லா. கருவேப்பிலைக்காரி கொசுறு போடுதா, பூக்காரி முழத்துக்கு மேல ஒரு விரக்கடை விடுதா. நம்ம பொட்டலத்துல ஒண்ணு கூட வச்சா என்ன? எந்தப் பிள்ளைக்காவது ஆகும்.”

கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று அவளைப் பார்த்துக் கண் கலங்கினேன். கலங்கிய கையோடு திட்டமும் போட்டுக் கொடுத்தேன். வெட்டும்போது ஓரத்தில் நீல நூலோடு மிஞ்சுகிற நல்ல துணி இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதை மடிப்போம். கிடைக்கிற பொட்டலத்தில் பதினொன்றாவதாக வைப்போம். அடி வரிசை இடது மூலைக்குப் போகிற பெட்டிகளில் மட்டும் வைக்க மாட்டோம்.

எங்கள் ஊரில் ஆடித்தபசுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூற்றெட்டு, நூற்றொன்று என்று சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். கணக்கு தப்பாமல் இருக்க நாங்கள் முந்தானையில் புளியங்கொட்டை முடிந்து வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகப் போடுவோம். அதே வழக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தோம். கொசுறு ஒன்று மடித்தால் டப்பாவில் ஒரு கொட்டை. புண்ணியத்துக்கும் ரசீது வேண்டும் இல்லையா. எட்டாம் நாள் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு கொட்டை. அண்ணாச்சி அடி வரிசை மூலையில் பெட்டி எடுத்து, கண்ணை மூடி எண்ணி, “பேஷ்” என்றார். மறுநாள் சாயங்காலம் லாரி. அது ஒரு இடத்துக்குப் போய், பொட்டலங்களைக் கிருமி போகச் சுத்தம் செய்துகொண்டு, தூத்துக்குடி துறைமுகம் போகும்.

அந்த எட்டாம் நாள்தான் ஆடித்தபசு. என் அக்கா மகள் முத்துலட்சுமி வந்திருந்தாள். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். கூட்டத்தில் நசுங்கி, அம்மனைப் பார்த்து, ரத வீதியில் ஒரு கடையில் சிவப்பு சர்பத் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பெருமை எனக்கு வாய்க்குள் அடங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு மடிப்பை எடுத்துக் காட்டினேன். நான் மடித்த கொசுறுகளிலேயே அழகாக வந்தது. இவளிடம் காட்டவென்று பொட்டலத்தில் வைக்காமல் எடுத்து வந்திருந்தேன். கொசுறுக் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “சித்தி, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய?”

“ஏன்ட்டி? குறைச்சாத்தானே தப்பு?”

“பொட்டலத்தைத் திறந்ததும் ரெண்டு பேரு சேந்து சத்தமா எண்ணுவோம். பதினொண்ணு இருந்தா, பதினொண்ணையும் தூக்கி வெளிய அனுப்பிருவோம். கூடவோ குறையவோ இருக்கிற பொட்டலத்தை நம்பக் கூடாது. அதான் சட்டம்.”

“நல்ல துணியவா?”

“எண்ணிக்கைதான் சித்தி எங்களுக்குக் கண்ணு. உள்ள போனது பத்து, வெளிய வந்தது பத்துன்னு நாங்க சொன்னாத்தான் டாக்டர் தையல் போடுவாரு. இது இங்கன. அங்கன கூடாரத்துல, ஒரே நேரத்துல நாப்பது பேரைத் தூக்கிட்டு வந்தா, எண்ண ஆளு ஏது? மேல பத்துன்னு போட்டிருக்கு, பத்துன்னு நம்பி எடுப்பாவ. பத்து வெளிய வந்ததும் தைச்சிருவாவ. அந்தப் பதினொண்ணாவது எங்க இருக்கும்?”

நீல நூல்தான் வாயில் வந்தது. “எக்ஸ்ரேல தெரியும்லா?” என்றேன்.

“அந்தக் கூடாரத்துல எக்ஸ்ரே மெஷினுக்குக் கரண்ட் இருக்கா சித்தி?”

என் கையிலிருந்த மடிப்பை வாங்கி அவள் தன் சர்பத் டம்ளரில் போட்டாள். அது நொடியில் குடித்துச் சுருண்டு, சிவப்போடு சிவப்பாக ஐஸ் துண்டுகளுக்கு அடியில் போய்விட்டது. “இப்ப கண்டுபிடிங்க” என்றாள். டம்ளருக்குள் விரலை விட்டு நான் துழாவினேன். அதன் பிறகு எந்தச் சப்பரம் எந்த வீதிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு சிவகிரி பஸ் வந்து நின்றபோது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அண்ணாச்சி டிபன் பையோடு இறங்கினார். நடந்துகொண்டே சொன்னேன். பாதியில் அவர் நின்றுவிட்டார். திட்டுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று நினைத்து, அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

“எத்தனை?”

“இருநூத்திப் பன்னெண்டு அண்ணாச்சி. புளியங்கொட்டை வச்சு எண்ணியிருக்கோம்.”

“எந்தப் பெட்டியில எல்லாம்?”

“எல்லாத்துலயும் கலந்து போச்சு. உங்க மூலைப் பெட்டி தவிர.”

அப்போதுதான் அவர் முகம் விழுந்தது. “என் மூலையா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இருபது வருசமா அந்த மூலைதான அண்ணாச்சி.”

“அப்ப நான் எண்ணுனதெல்லாம் நீங்க எனக்குன்னு வச்சது” என்றார். கம்பெனிக்கு வந்ததும் நேரே முதலாளி அறைக்குள் போனார். வெளியே நின்ற எனக்குக் கேட்டது ஒரு வாக்கியம்தான்: “சோதனைக்குப் பெட்டி எடுத்த முறையில தப்பு, அது என்னோட தப்பு.” எங்கள் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாவது இட்லியை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

ஆறாயிரம் பொட்டலத்தையும் கிழித்து எண்ணினால் சாயங்காலத்துக்குள் ஆகாது. பேச்சித்தாய்க்குத்தான் யோசனை வந்தது. “ஒண்ணு கூடுனா எடை கூடும்லா? நகைக்கடைத் தராசு கேட்டா என்ன?” பஜாரில் தெரிந்த இரண்டு கடைகளில் கெஞ்சிக் கூத்தாடித் தராசு வாங்கி வந்தோம். ஆடித்தபசுக்கு மறுநாள் என்பதால் கடைக்காரர்களுக்கும் மனசு இளகியிருந்தது. தங்கம் வைக்கிற தட்டில் பொட்டலத்தை வைத்துப் பார்த்தோம். கனமாகத் தெரிந்ததைப் பிரித்து அண்ணாச்சியிடம் கொடுத்தோம். தராசு சொன்னாலும் அவர் கண்ணை மூடிக் கட்டைவிரலால் எண்ணிய பிறகே பதினொன்றாவதை உருவினார். அன்றைக்கு எதிர் மேஜையில் யாரும் உதட்டைக் குவிக்கவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வெளியே போட்டேன்.

மூன்றரை மணிக்கு அறுபது பெட்டியும் முடிந்தது. டப்பாவில் ஒரு புளியங்கொட்டை மிச்சம் இருந்தது.

எல்லோரும் அதையே பார்த்தோம். வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பின்னால் நின்ற ஒருத்தி, “ஒண்ணுதான யக்கா. கொட்டை கூட விழுந்திருக்கும்” என்றாள். அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஆளும் ஒண்ணுதான்” என்றார். லாரியை நிற்கச் சொல்லிவிட்டு முதல் பெட்டியிலிருந்து மறுபடி எடை போட உட்கார்ந்தார்.

தேடினோம். மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், தலையில் போடுகிற தொப்பிக்குள். தொப்பிகளுக்குள்ளிருந்து தடை செய்யப்பட்ட மல்லிகைப்பூ நாலு முழம் கிடைத்தது. மடிப்பு கிடைக்கவில்லை. அண்ணாச்சி பூவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்தது. பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். “புண்ணியம்னு நினைச்சேனே, ஒரு உசுர எடுத்துட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எந்த ஊர் என்றே தெரியாத யாரோ ஒருவரின் வயிறு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் திறந்து கிடந்தது. இரண்டாம் முறை முப்பது பெட்டி முடிந்தபோது மணி ஐந்தரை.

முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம் என்று நான் கைப்பைக்குள் கையை விட்டேன். ஈரமாக, பிசுபிசுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். நேற்று டம்ளரிலிருந்து பிழிந்து பையில் போட்ட மடிப்பு. சிவக்கச் சிவக்க என் கையில் இருந்தது.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சர்பத் அண்ணாச்சி” என்றேன். “சத்தியமா சர்பத்.”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பழமொழியில்தான் கேட்டிருப்பீர்கள். அவள் பெயர் கோமதி. பேச்சித்தாய் அழுகையை நிறுத்தி என்னை முறைத்த முறைப்பு இன்றைக்கும் ஆறவில்லை. முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பிறகு ஹாலே சிரித்தது, லாரிக்காரர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிவந்த துணியை வாங்கி வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். “ரெண்டு மணி நேரமா நாம எல்லாரும் தேடுனோம், கோமதி. அங்கன ஆளைப் பிளந்து போட்டுக்கிட்டுத் தேடுவாவ” என்றார். டப்பாவிலிருந்த கடைசிக் கொட்டையைத் தானே எடுத்து வெளியே வைத்தார்.

பிறகு உருவி எடுத்த கொசுறுகளை முன்னால் இழுத்துக்கொண்டார். இருநூற்றுப் பதினொன்று. “நல்ல துணி. வீணாக்கக் கூடாது. கொசுறு போடணும்னா பத்துப் பத்தாப் போடணும்” என்று சொல்லி எங்களோடு உட்கார்ந்து மடிப்பு சரிபார்த்துக் கட்டினார். இருபத்தொரு பொட்டலம் ஆனது. முதலாளியிடம் கேட்டு, அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, ஆர்டரோடு தனியாகச் சீட்டு ஒட்டி ஏற்றினார். ஒரே ஒரு மடிப்பு மிஞ்சியது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிவகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் முதல் சோதனைக்கு எந்தப் பெட்டி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தார். கம்பெனியும் சொந்தமாகத் தராசு வாங்கியது. செல்வி, உன் புது மெஷின் அந்த நகைக்கடைத் தராசின் பேத்தி. மலரில் அதைப் போடுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றேன். அன்றைக்கும் ஒரு அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் வேறு எழுத்து, வேறு ஊர். இந்தச் சண்டைகள் நின்று, அவசர ஆர்டரே வராமல், எங்கள் கம்பெனியில் பாதியை இழுத்துப் பூட்டினாலும் பரவாயில்லை என்று மேடையில் சொன்னேன். முதலாளி கை தட்டவில்லை. பேச்சித்தாய் தட்டினாள். அண்ணாச்சி சால்வை போர்த்திவிட்டு, ஒட்டிய பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். மேலே அச்சடித்திருந்தது: பத்து.

“வீட்டுல போயி எண்ணிப் பாரு” என்றார்.

“உங்க எண்ணிக்கையச் சந்தேகப்படச் சொல்லுதியளா?”

“இருபத்தெட்டு வருசமா வேற என்ன வேலை பாத்த?”

வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். இடது கையால் மூலையைப் பிடித்து, வலது கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முதலில் கண்ணால். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பதினொன்று இருந்தது. பத்து வெள்ளையாக, புதுசாக. ஒன்று மட்டும் லேசாகப் பழுத்து, அன்றைக்கு அண்ணாச்சியின் சட்டைப் பைக்குள் போன கசங்கலோடு.